செம்மண்ணும் கோமாளி மீனும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பவளப்பாறை மீனுக்கும் என்ன உறவு? உயிரியல் பயிலும் அம்பாங்கான்காரன் என்ற முறையில், உறவு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் கோமாளி மீனை உலகறியச் செய்தது. விரல் நீளமே உள்ள இம்மீன், கொட்டும் தன்மை கொண்ட கடற்சாமந்தியின் கரங்களுக்கிடையே அஞ்சாமல் குடியிருக்கிறது. அதன் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான படலமே அதற்குக் கவசம். குடும்பத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும்! முட்டைகளைத் துடுப்பால் விசிறிக் காப்பதும் பெரும்பாலும் தந்தைதான். பொரிந்த குஞ்சுகள் ஏறக்குறைய 10 நாள் கடலில் மிதந்து, பிறகு தமக்கொரு சாமந்தியைத் தேடி அடைய வேண்டும்.

இதற்குத் தெளிந்த நீர் வேண்டும். கலங்கிய நீரில் இக்குஞ்சுகளின் வளர்ச்சி தாமதமாவதை 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பவளங்களின் நிலையும் அதுவே. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. சேறு ஒளியை மறைத்தால் பவளம் பட்டினி கிடக்கும்.

சிரம்பான் வழியே ஓடும் லிங்கி ஆறு போர்ட்டிக்சனுக்குத் தெற்கே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அங்கே தஞ்சோங் துவானைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டங்களைத் தாமான்களாக்கியபோதும் மழையில் கரைந்த செம்மண் ஆற்றில்தான் இறங்கியது.

"நம் சமுதாயத்திற்கு ஆயிரம் சிக்கல்கள், மீனுக்கா கவலைப்படுவது?" என்று சிலர் கேட்கலாம். கடலுக்குப் போகும் அதே சேறுதான் நம் கால்வாய்களையும் அடைத்து வெள்ளத்தை வீட்டிற்குள் கொண்டு வருகிறது. மீனின் சிக்கலும் நம் சிக்கலும் வேறல்ல.

கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததால், 2010-இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. அச்சூட்டைத் தணிக்க உலகமே ஒன்றுகூட வேண்டும். மண்ணரிப்பைத் தடுக்க நம் மாநிலமே போதும். சரிவுகளில் படிவெட்டி, மண்ணை மூடப் படர்கொடி வளர்த்த கைகள் நம் பாட்டன்மாருடையவை. அந்த வித்தை நமக்குப் புதிதல்ல.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் நிலம் வெட்டப்படும்போது, "சேற்றைத் தேக்கும் குட்டை எங்கே?" என்று நகராண்மைக் கழகத்திடம் கேளுங்கள். படித்தவர்கள் கேட்காத கேள்வியை வேறு யார் கேட்பார்கள்?