தடுப்பவனைத் தாங்குவது யார்?

தங்கவயலின் ஸ்கெலட்டனில் பந்தாடும் ஒரு பையன், தடுப்பாட்ட வீரனாகவே வாழ விரும்பினால் நாம் எந்த வழியைக் காட்டுவது?

முன்பு ஒரு வழி இருந்தது. பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. கால் ஓய்ந்த பின்னும் சம்பளம் ஓயவில்லை.

இன்று ஒப்பந்தம் ஒன்றே பிடிமானம். தமிழகத்தின் தர்மராஜ் ராவணன் சர்ச்சில் பிரதர்ஸ், புனே சிட்டி, சென்னை சிட்டி என அணி மாறி ஆடிய தடுப்பாட்ட வீரர். அவற்றுள் புனே சிட்டி 2019இல் கலைந்தது. 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டியும் சில ஆண்டுகளில் தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்தது. வீரனுக்கு முன்பே கிளப் ஓய்வு பெற்றுவிடுகிறது.

கோல் அடித்தவனை ஊர் நினைவில் வைக்கும். தடுப்பவனை அவன் தவறிய நாளில்தான் நினைக்கும். புகழை நம்பி அவன் முதுமையைக் கழிக்க இயலாது.

நிறுவனம் மூடினால் உழைத்தவன் கதி என்னவாகும் என்பதை 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோதே தங்கவயல் அறிந்துகொண்டது. ஆகவே, கிளப்புகளுக்கு உரிமம் வழங்குமுன் வீரர்களின் ஓராண்டுச் சம்பளத்தைச் சம்மேளனம் பிணைத்தொகையாகப் பெற வேண்டும். அதன் பிறகே அந்தப் பையனிடம் ‘ஆடு’ என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு.