சேவலின் தாயை அறிவீர்

சென்ற திங்கள் ஓரிக்கையில் நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்கிய சிவப்புச் சேவல் ஒன்றை அவர் பெருமையுடன் காட்டினார். இனித் தம் வீட்டில் பொரிக்கும் பெட்டைகளெல்லாம் கரும்பழுப்பு முட்டையே இடும் என்பது அவர் நம்பிக்கை. "இதன் தாய் இட்ட முட்டையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "இறகே இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, ஐயா! தாயின் முட்டை எதற்கு?" என்றார். அங்கத்தினர் பலருக்கும் இந்த எண்ணம் இருப்பதால் இதனை எழுதலானேன்.

நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டையைவிடப் பழுப்பு முட்டைக்கு விலை கூடுதல் என்பது யாவரும் அறிந்ததே. தறிக்கும் வயலுக்கும் இடையே கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்போர் அந்நிறத்தை நாடுவதில் தவறில்லை. ஆயினும் ஓட்டின் நிறத்தால் உள்ளிருக்கும் சத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாட்டு முட்டையென விற்பாரும் உளர். அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை நமது நாணயம் ஒன்றே.

முட்டை ஒன்று உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செல்கிறது. பழுப்பு நிறத்தின் பெரும்பகுதி இறுதிச் சில மணி நேரத்தில் ஓட்டின் மேற்புறத்தில் படிகிறது. கீரையும் மக்காச்சோளமும் மஞ்சட்கருவின் நிறத்தை மாற்றும். ஓட்டின் நிறமோ வமிசத்தால் வருவது. கடும் வெயில், நோய், கோழியின் வயது ஆகியவற்றால் அது வெளுக்கக்கூடும். சேலைக்குப் பாவும் ஊடையும் போல, இந்நிறத்திற்குத் தாய் வழியும் தந்தை வழியும் வேண்டும். இறகின் நிறம் இதற்குச் சான்றாகாது. உடலெல்லாம் கறுத்த கடக்நாத் கோழியும் வெளிர்நிற முட்டையே இடுகிறது.

பிரான்சு நாட்டு மாரன்ஸ், ஹாலந்து நாட்டு வெல்சம்மர் ஆகியவை மிகக் கரும்பழுப்பு முட்டைக்குப் பேர்பெற்றவை. நம்மால் எளிதில் பெறக்கூடியவை ரோட் ஐலண்டு ரெட் இனமும், அதிலிருந்து சென்னை நந்தனத்தில் உருவாக்கப்பட்ட நந்தனம் கோழியுமாம். இவை இடுவன பழுப்பு முட்டைகள். பண்ணைகளுக்கென்று உண்டாக்கிய கலப்பினப் பெட்டையின் குஞ்சுகள் தாயைப் போலவே அமையும் என்று நம்பி முதலிடுதல் கூடாது.

தேர்வு முறை கடினமன்று. ஒத்த வயதுடைய பெட்டைகளின் முட்டைகளை ஒப்பிட்டு நோக்குக. முட்டையிடத் தொடங்கிய புதிதில் எந்தக் கோழியின் முட்டையும் சற்றுக் கருத்தே இருக்கும். நிறத்தோடு ஓட்டின் உறுதியையும் முட்டைகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நிறம் ஒன்றையே நாடினால் மற்றவை பின்தங்கும். நல்ல பெட்டையின் முட்டையில் பொரித்த குஞ்சுகளுக்குக் காலில் வளையமிட்டு, அவற்றுள்ளிருந்தே வருங்காலச் சேவலைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். சேவலை மாற்றியதும் மூன்று வாரம் பொறுத்தே அடைமுட்டை சேர்க்க வேண்டும். முந்திய சேவலின் வித்து அதுவரை பெட்டையின் உடலில் தங்கியிருக்கக்கூடும். அடைமுட்டையை ஒரு வாரத்திற்குமேல் வைத்திராமல் அடை வைப்பது நலம்.

இதனைத் தனியொருவர் செய்வது அரிது. ஒரே வீட்டுச் சேவலும் பெட்டையும் தலைமுறை தலைமுறையாய்க் கூடினால் வமிசம் நலிவுறும். ஆகவே, கோழி வாங்கக் கடன் வழங்கும் சங்கங்கள் ஒரு பதிவேடும் வைத்தல் வேண்டுமென்பது என் கருத்து. எந்தப் பெட்டை, எத்தனை முட்டை, என்ன நிறம், எந்தச் சேவல் என்று அதில் எழுதி, ஊருக்கு ஊர் சேவல்களை மாற்றிக்கொண்டால், ஆண்டுதோறும் சந்தைச் சேவலுக்குக் கடன்பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி அவர்தம் உறவினரையும் வாரியத்திற்கு ஆகாரென விலக்கிய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, அருகிலுள்ள உத்திரமேரூரில் நிற்கிறது. கணக்கின் அருமையை நமக்குப் பிறர் சொல்ல வேண்டுமா?

ஓரிக்கை அன்பர் தம் சேவலை விற்றுவிட வேண்டுவதில்லை. அதன் மகள்களுள் சிலவற்றை மட்டும் வளர்த்து, அவை முட்டையிடும்வரை பொறுத்திருக்கட்டும். அம்முட்டைகளே அதற்கு நற்சாட்சிப் பத்திரம்.