நஷ்டம் விமான நிலையத்திலா, கணக்கேட்டிலா?

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் இருந்த தன் ஹப்பை, அதாவது பயணிகள் விமானம் மாறிச்செல்லும் இணைப்பு மையத்தைக் கைவிடப்போவதாக 2014 பிப்ரவரியில் யுனைடெட் ஏர்லைன்ஸ் அறிவித்தது. அந்த மையம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக லாபம் ஈட்டவில்லை என்று யுனைடெட்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜெஃப் ஸ்மைசெக் ஊழியர்களிடம் காரணம் சொன்னார். எவரும் தலையாட்டிவிடக்கூடிய காரணம்தான். ஆனால், முதலில் அந்த மையத்தை நடத்திய கான்டினென்டல் நிறுவனமும், 2010இல் இரண்டும் இணைந்த பிறகு யுனைடெட்டும் அந்த நஷ்டத்தை அவ்வளவு காலம் ஏன் சுமந்தன? லாபத்துக்காகத் தொழில் நடத்துபவர்கள் பத்தாண்டுகளாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். ஒரு ஹப்பின் லாப நஷ்டம் பெரும்பாலும் கணக்காளரின் பேனாவில்தான் இருக்கிறது. அதன் ஆயுளைத் தீர்மானிப்பது, அங்கே நிற்கும் விமானங்களுக்கு வேறு எங்கே கூடுதல் வருமானம் கிடைக்கும் என்பதே.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். சிற்றூர் ஒன்றிலிருந்து 300 கி.மீ. பறந்து ஹப்புக்கு வரும் பயணி, விமானம் மாறி மேலும் 3,300 கி.மீ. தொலைவில் உள்ள ஊருக்குப் போகிறார். டிக்கெட் 360 டாலர். தூரத்தின்படி பங்கிட்டால் குறுகிய தடத்துக்கு 30 டாலர்தான் சேரும். அது நிச்சய நஷ்டம். அந்தத் தடம் இல்லாவிட்டால் பயணியே வந்திருக்க மாட்டார் என்று வாதிட்டு மொத்தத் தொகையையும் அதன் பேரில் எழுதினால், அதுவே பெரும் லாபம். ஆனால், எல்லாத் தடங்களுக்கும் இப்படியே எழுதினால் ஒரே டிக்கெட்டை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். இரண்டில் எது சரி? தடத்தை நிறுத்தினால் அந்தப் பயணி எங்கே போவார் என்பதைப் பொறுத்தது அது. போட்டி நிறுவனத்துக்குப் போனால் இழப்பு 360 டாலர். அதே நிறுவனத்தின் இன்னொரு ஹப் வழியாகப் போனால், அநேகமாக எதுவுமே இல்லை.

சின்சினாட்டி ஹப்பின் வீழ்ச்சி இங்கேதான் விளங்குகிறது. 2005 வாக்கில் டெல்டா ஏர்லைன்ஸும் அதன் துணை நிறுவனமான காம்ஏரும் அங்கிருந்து தினமும் அறுநூறு விமானங்கள் அளவில் இயக்கின. 2008இல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் இணைந்தன. நார்த்வெஸ்ட்டின் டெட்ராய்ட் ஹப், சின்சினாட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பறப்புக்குள் இருந்தது. ஒரே பயணியை இரண்டு வழியாகவும் அனுப்பலாம் என்றான பிறகு இரண்டு மையங்கள் எதற்கு? டெல்டாவின் அட்லாண்டா ஹப்பின் நிழலில் இருந்த மெம்பிஸும் இப்படியே 2013இல் ஹப் தகுதியை இழந்தது.

விமானங்களை நினைத்தபடி இடம் மாற்ற முடியாதே என்பார்கள். உண்மை, அந்த உண்மை என் வாதத்துக்கே துணை நிற்கிறது. சின்சினாட்டி மையம் பெரிதும் 50 இருக்கை ஜெட்களை நம்பி வளர்ந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது, அவ்வகை விமானங்கள் எந்த ஊரிலும் தம் செலவைத் தேடித்தர முடியாமல் திணறின. 2012 செப்டம்பரில் காம்ஏர் மூடப்பட்டது. கிளீவ்லேண்டிலும் நெருக்கடி சிறிய விமானங்களிலிருந்தே வந்தது. பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இல் அமலானது. பிராந்திய நிறுவனங்களுக்கு விமானிகள் கிடைப்பது கடினமாயிற்று. இருக்கும் விமானிகளை எந்த ஹப்புக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும், பத்தாண்டு பொறுத்த நஷ்டம் திடீரெனப் பொறுக்க முடியாததாகிவிட்டது. புதிய விதிகள் இந்த முடிவைத் துரிதப்படுத்தின என்று ஸ்மைசெக்கும் சொன்னார்.

இதெல்லாம் சிறிய நகரங்களின் கதை, உள்ளூர் மக்கள்தொகைதான் ஹப்பைக் காப்பாற்றும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், டாலஸ் சிறிய ஊரல்ல. 2005 ஜனவரி இறுதியில் டெல்டா அங்கிருந்த தன் ஹப்பை மூடியது. உள்ளூர்ப் பயணிகளில் பெரும்பங்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கையில் இருந்தது. ஊர் பெரிதாக இருந்தும் டெல்டாவுக்குக் கிடைத்த பங்கு சிறிது. அந்த விமானங்கள் அட்லாண்டாவுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும், வேடிக்கை என்னவென்றால், சின்சினாட்டிக்கும் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்டா திவால் பாதுகாப்பு கோரியது.

ஹப் போனதால் ஊருக்கு நஷ்டம் மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. நாட்டிலேயே மிக அதிகக் கட்டணம் செலுத்திய ஊர்களில் ஒன்றாக இருந்த சின்சினாட்டியில், மலிவுக் கட்டண நிறுவனங்கள் நுழைந்த பிறகு கட்டணம் குறைந்தது. அதே சமயம், தன் தலைமையகத்தை அங்கிருந்து சார்லட்டுக்கு மாற்றிய சிக்கிடா நிறுவனம் சொன்ன காரணங்களில் விமான வசதியும் ஒன்று.

ஹப் தங்கும் என்று நம்பிப் பொதுப்பணத்தைக் கொட்டுவதுதான் மன்னிக்க முடியாத பிழை. செயின்ட் லூயிஸை மையமாகக் கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தை 2001இல் அமெரிக்கன் வாங்கியது. 2003 நவம்பரில் அங்கிருந்த சேவைகளில் ஏறத்தாழ பாதியை வெட்டியது. 100 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டுக் கட்டிய புதிய ஓடுபாதை 2006இல் திறக்கப்பட்டபோது, அமெரிக்கனின் இணைப்புப் பயணிகள் சிகாகோவிலும் டாலஸிலும் விமானம் மாறிக்கொண்டிருந்தார்கள்.