கணிப்பொறிக்கும் கதவடைப்பா?

"இங்கு எல்லாமே விண்டோசு, உங்கள் லினக்சுக் கணிப்பொறியை எங்கள் பிணையத்தில் சேர்க்க இயலாது." அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஓயாமல் ஒலிக்கும் கூற்று இது. கணிப்பொறி பழுதுபார்ப்பவர் இதனைச் சொல்லிவிட்டால் அலுவலர் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. உரிமத் தொகை கேளாத, உள்ளமைப்பை எவரும் திறந்து பார்க்கத்தக்க நல்லதோர் இயங்குதளம் இந்த ஒரு சொல்லால் வெளியே தள்ளப்படுகின்றது. இக்கூற்று முழுப்பொய்.

விண்டோசுக் கணிப்பொறிகள் கோப்பையும் அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழிக்கு எசு.எம்.பி. என்று பெயர். அதனை முதலில் வகுத்தது ஐ.பி.எம். நிறுவனம். பின்னர் அதனை வளர்த்த மைக்ரோசாப்டு நிறுவனமோ, தான் சேர்த்த நுணுக்கங்களைப் பூட்டி வைத்தது. ஆசுத்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்டுரூ டிரிட்செல், பிணையத்திற் செல்லும் செய்திகளை உற்றுநோக்கியே மொழியறிந்து, 1992-இல் தம் மென்பொருளின் முதற்படியை வெளியிட்டார். அதுவே பின்னர்ச் 'சாம்பா' எனப் பெயர்பெற்றது. பிரெஞ்சு அறியாதவன் ஓர் உணவுவிடுதியில் அமர்ந்து, எதைக் கேட்டால் எது வருகின்றது என்று பார்த்துப் பார்த்தே அம்மொழி கற்பதற்கு இம்முறையை அவர் ஒப்பிட்டார். குழந்தை தாய்மொழி கற்பதும் இவ்வாறே அன்றோ? இலக்கணத்தை மறைத்தவர்களால் மொழியை மறைக்க முடியவில்லை!

2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ ஒறுப்புத் தொகை விதித்து, இவ்விணைப்பு நுணுக்கங்களைப் பிறர்க்கு வழங்கவும் ஆணையிட்டது. 2007-இல் ஐரோப்பிய அறமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே 10,000 யூரோ செலுத்தி ஆவணங்களைப் பெறும் வழி சாம்பாக் குழுவினர்க்குத் திறந்தது. 2012-இல் வந்த சாம்பா 4, பிணையத்தில் ஓர் உறுப்பாயிருப்பதோடு நில்லாது, விண்டோசுப் பிணையத்தைத் தானே ஆளவும் வல்லதாயிற்று.

எனவே 'இயலாது' என்பார் கல்லாமையைச் சொல்கின்றனரேயன்றிக் கருவியின் குறையைச் சொல்லவில்லை. பகிர்ந்த கோப்புறையைத் திறக்க லினக்சின் கோப்பு மேலாளியே பெரும்பாலும் போதும். நம் கோப்புகளைப் பிறர்க்குத் தர வேண்டின், சாம்பாவின் அமைப்புக் கோப்பிற் பணிக்குழுவின் பெயரையும் பகிரும் கோப்புறையையும் எழுதி, பயனர்க்குத் தனிக் கடவுச்சொல் இட்டால் முடிந்தது. நடுவண் ஆள்களத்தில் இணைவதாயின், இரு பொறிகளின் நேரமும் 5 நிமையத்திற்கு மேல் வேறுபடலாகாது. இச்சிறு பிழையால் இணைப்பு மறுக்கப்பட, லினக்சின்மேற் பழி போடுவாரும் உளர்.

இணைப்புக் கிட்டவில்லை என்று எசு.எம்.பி.யின் முதற்பதிப்பை உயிர்ப்பிக்கச் சொல்லும் பழங்குறிப்புகளை மட்டும் நம்பற்க. 2017 மே திங்களில் 'வானாகிரை' என்னும் தீநிரல் அப்பதிப்பின் ஓட்டை வழியாகவே பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் நிலைகுலையச் செய்தது. 2019-இல் வந்த சாம்பா 4.11 தொட்டு அப்பதிப்பு இயல்பாகவே அடைக்கப்பட்டுள்ளது. அது அவ்வாறே கிடக்கட்டும்.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ஒருங்குறி எழுத்தாயின் இரு பக்கத்தும் பிறழாது தெரியும். ஆங்கிலப் பெயராயின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என லினக்சு வேறுபடுத்தும், விண்டோசு வேறுபடுத்தாது. நம் எழுத்துக்கு அத்தொல்லையும் இல்லை.