கூலிக்கு வந்த கை

கையை வைத்துக் காசு வாங்குகிறவர்களைப் பற்றிக் கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் பாதி வழியில் என் பக்கமே திரும்பிவிட்டது.

காரமடையில் எனக்குப் பெரியம்மா முறையில் ஒருத்தி. மார்பில் புற்றுநோய். கோயம்புத்தூரில் அறுவை முடிந்து, மருந்து ஏற்றி வந்தார்கள். அப்போது ஒரு பெண்மணி வாரம் இரண்டு தடவை வந்து, 'ரெய்கி' என்று தலையிலும் தோளிலும் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். கட்டணம் உண்டு.

"அவ கை வெச்சாத்தான் கண்ணு தூக்கமே வருது. இனி ஊசி வேண்டாம், இதே போதுமுங்கறேன்" என்றாள் பெரியம்மா.

பகீரென்றது.

1922-ல் மிக்காவோ உசுயி என்ற ஜப்பானியர் குராமா மலையில் 21 நாள் உபவாசமிருந்து பெற்ற சக்தியாம் இது. தவமும் வரமும் நமக்குப் புதிதல்ல. ஆனால் கையிலிருந்து சக்தி பாய்வது நிஜமானால் சோதித்துப் பார்க்கலாமே! இதே வகையைச் சேர்ந்த ஒரு கை வைத்தியத்தை, அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி சோதித்தாள். மறைப்புக்கு அப்பால் நீட்டிய இரு கைகளில் எதன்மேல் அவள் கை இருக்கிறது என்று வைத்தியர் சொல்ல வேண்டும். 21 பேர், 280 தடவை. நூற்றுக்கு 44 தான் சரி. பூவா தலையா போட்டிருந்தால் 50 தேறியிருக்கும்! 1998-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஏடே இதை வெளியிட்டது.

"மருந்துக்குத் துணைதானே?" என்பார்கள். 2018-ல் வந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், இத்தகைய துணை வைத்தியங்களை நாடியவர்களில் நூற்றுக்கு 34 பேர் கீமோ மருந்தை மறுத்திருந்தார்கள்; நாடாதவர்களில் மூன்றே பேர். முன்னவர்களுக்கு மரண அபாயம் இரு மடங்கு. துணைக்கு வந்தவன் வீட்டுக்காரனை விரட்டிய கதைதான்.

ஆனால் பெரியம்மாவுக்குத் தூக்கம் வந்தது பொய்யல்லவே?

அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையோரம் தனிக் கட்டில். ஒட்டிக்கொள்ளுமாம்! புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற வியாதியல்ல. மாசியில் அரங்கநாதர் தேருக்குத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற ஊரில், மாதக்கணக்காக அவள் தோளை அன்பாகத் தொட்டது அந்தக் கூலிக் கை ஒன்றுதான். நானும் வாசல் நாற்காலியில் இருந்தபடியேதான் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தேன்!

ரெய்கிக்காரி விற்றது சக்தியை அல்ல. நாம் கொடுக்க மறுத்ததை. மருந்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. தொடுவதற்கு ஜப்பானிலிருந்தா ஆள் வரவேண்டும்? நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போடுங்கள், ஐயா. அதற்குக் கட்டணம் இல்லை.