சூரியன் தமிழ்ச்சொல்லா?

வடமொழியில் ஞாயிற்றுக்குப் பெயர்கள் பல. சூரியன், இரவி, அருக்கன், ஆதித்தன், பானு, தினகரன் என அவை நம் செய்யுளிலும் வழக்கிலும் கலந்து பழகிவிட்டன. இவற்றுட் சில தமிழினின்றே வடமொழி புகுந்தவை என்னும் கருத்து தனித்தமிழ் அன்பரிடையே வேரூன்றியுள்ளது. ‘சுள்’ என்னும் வெம்மை வேரினின்று சுடு, சுடர், சுரம் முதலியன கிளைத்தன. அவ்வழியே ‘சூர்’ தோன்றிச் ‘சூரியன்’ ஆயிற்று என்பது அவர்தம் துணிபு. மொழிஞாயிறு பாவாணர் (1902–1981) நமக்கு மீட்டளித்த தமிழ்ச்சொற்கள் மிகப் பல. அவ்வுழைப்பினைப் பழித்தல் என் நோக்கமன்று. எனினும் சூரியனைப் பொறுத்தவரை இம்முடிபு நில்லாது. ஐயமற்ற உண்மையாக இதனை மாணவர்க்குக் கற்பித்தல் தமிழாராய்ச்சிக்கே ஊறாகும்.

வேதமொழியில் ‘சூர்ய’ என்பதனோடு ‘ஸ்வர்’ என்னும் சொல்லும் ஞாயிற்றையும் அதன் ஒளியையும் குறிக்கும். பழைய ஈரானிய மொழியாகிய அவெஸ்தாவில் அது ‘ஹ்வர்’ என நிற்கும். வடமொழியில் சகரம் வருமிடத்து ஈரானியத்தில் ஹகரம் வருதல் நெறி. ஏழினைக் குறிக்கும் ‘சப்த’ அங்கே ‘ஹப்த’. ‘சோம’ அங்கே ‘ஹவோம’. அந்த ‘ஹ்வர்’ பாரசீகத்தில் ‘குர்’ எனத் திரிந்து, ஒளிர்தலைக் குறிக்கும் பிறிதொரு சொல்லோடு கூடிக் ‘குர்ஷித்’ ஆயிற்று. நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் குர்ஷித் என்றொரு பெயர் இருக்குமாயின், அது சூரியனுக்கு உடன்பிறப்பே. இலத்தீனின் ‘சோல்’, கிரேக்கத்தின் ‘ஹேலியோஸ்’ ஆகியனவும் அக்குடும்பத்தனவே. தமிழ்ச் ‘சுள்’ வடமொழிக்குக் கடனாகச் சென்றதெனின், இந்நாட்டிற்கு வெளியே இத்தனை மொழிகளில் அச்சொல் அவ்வம்மொழியின் ஒலிநெறி பிறழாமல் நிற்பதற்குக் காரணம் காட்டல் வேண்டும். உலக மொழிகட்கெல்லாம் தமிழே தாய் என்பது விடையாகாது. நிறுவப்பட வேண்டியதே அதுதானே! மேலும், சங்க நூல்களில் ‘சூர்’ என்பது அச்சத்தையும் அச்சந்தரும் தெய்வத்தையும் குறித்து வருவது, கதிரவனை அன்று.

‘இரவி’யின் நிலையும் இஃதே. ரகரம் தமிழில் மொழி முதலாகாமையின் இகரம் முன்னே வந்து சேர்ந்தது, அவ்வளவே. ‘இரவை ஓட்டுபவன் இரவி’ என்று நயம்பட உரைப்போரும் உளர். கேட்க இனிமைதான். ஆயின் ஆர்மீனிய மொழியில் ஞாயிற்றின் பெயர் ‘அரெவ்’ என்பதையும், அதனை ‘ரவி’யோடு அறிஞர் இணைத்துக் காண்பதையும் அவ்வுரை கணக்கிற் கொள்வதில்லை. ஒலியொப்புமை ஒன்றே போதுமெனின், அரபியின் ‘ஷம்ஸ்’ என்பதை நம் ‘சமை’த்தலோடு பிணைத்துவிடலாம்; எபிரேயத்தின் ‘ஷெமெஷ்’ அதன் உடன்பிறப்பு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்!

இனி, நம் சொல்லுக்கே வருவோம். ‘ஞாயிறு’ என்பது கன்னடத்தில் ‘நேசறு’. முதற்பார்வையில் இவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றும். தமிழ் ‘பெயர்’ பழங்கன்னடத்தில் ‘பெசர்’, இன்று ‘ஹெசரு’. ‘உயிர்’ அங்கே ‘உசிர்’. ‘வயிறு’ அங்கே ‘பசிறு’. தமிழின் இடையகர யகரத்திற்கு நேராகக் கன்னடத்தில் சகரம் நிற்றலை இவை காட்டும். பார்வைக்கு ஒவ்வாத ஞாயிறும் நேசறும் ஒருதாய் மக்கள் என்று நெறி காட்டுகிறது. பார்வைக்கு ஒத்த சுள்ளும் சூரியனும் உறவல்ல என்றும் அந்நெறியே காட்டுகிறது. முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்? ஞாயிறு வடமொழியின் உதவி வேண்டாது, தன் குடும்பத்தோடு தனித்து நிற்கும் சொல். அதன் வரலாற்றை எத்தனை மாணவர் அறிவர்?

வடமொழி தமிழினத்து மொழிகளிடம் கடன் கொண்டதேயில்லை என்று இதனாற் கொள்ளலாகாது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இக்கடன் பேசப்பட்டது. பரோ 1955-இல் வடமொழி பற்றி எழுதிய நூலில் திராவிடக் கடன்சொற்களை நிரல்படத் தந்தார். எமனோவுடன் அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வெளிவந்தது. ‘நீர’, ‘மீன’ ஆகிய சொற்கள் அவ்வகையில் எடுத்துக்காட்டப்படுவன. இவற்றுக்குத் திராவிட மொழிகளில் உறவு பரந்து கிடக்கின்றது. சான்றுடைய இக்கடன்களைச் சூரியனோடு ஒரே மூட்டையிற் கட்டினால், சூரியனை மறுப்பவர் மூட்டை முழுவதையுமே எறிந்துவிடுவர். கருத்தரங்குகளில் இது நிகழ்தலை நாம் காணாமலில்லை.

தமிழில் ‘மீன்’ நீர்வாழ் உயிருக்கும் பெயர். வானில் ஒளிர்வதற்கும் பெயர். பங்குனித் திங்களில் கதிரவன் கடக்கும் இராசிக்கு வடமொழி வானநூலார் வழங்கும் பெயர் மீனம். சூரியனைத் தமிழாக்க நம் வகுப்பறைகளில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியேனும் இம்மீனத்திற்குக் கிடைத்தல் வேண்டும்.