வீட்டையும் கட்டி இழுத்துக்கொண்டு!

"கேரவன்" என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் சினிமா ஞாபகம்தான் வரும். நட்சத்திரம் உள்ளே குளுகுளுவென்று உட்கார்ந்திருக்க, ஜனங்கள் வெளியே வெயிலில் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த வண்டி! ஆகவே, இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கும் என் பெண், "அம்மா, நாங்கள் ஒரு கேரவன் வாங்கப் போகிறோம். நீ இங்கே வந்திருக்கும்போதே வாங்கிவிட உத்தேசம்" என்று டெலிபோனில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டி, மாப்பிள்ளை சினிமாவில் சேர்ந்துவிட்டாரா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்து முடிக்க இரண்டு நிமிஷமாயிற்று.

அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கேரவன் என்பது சக்கரம் வைத்த சின்ன வீடு. அதற்கென்று இஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி, ஒரு ஆள் திரும்பக்கூடிய குளியலறை எல்லாம் உண்டு. நம் பாட்டிமார்கள் கூண்டு வண்டியில் அரிசி, பருப்பு, அடுப்பு சகிதம் க்ஷேத்திராடனம் போனார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே சமாசாரம்தான்.

வெள்ளைக்காரர்களும் முதலில் குதிரை கட்டித்தான் இழுத்தார்கள். 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வு பெற்ற கடற்படை டாக்டர், உல்லாசப் பிரயாணத்துக்கென்றே ஒரு வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தெற்கே ட்வைஃபோர்டிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரையில் போனார். வண்டிக்கு "வாண்டரர்" என்று பெயர். 1907-ல் கேரவன் பிரியர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். 1919-ல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் கம்பெனியார் மோட்டார் காரில் பூட்டும் வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதன்பின் குதிரைகளுக்கு விடுதலை!

என் பெண்ணுக்கு ஏன் இந்த ஆசை? அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வயதுப் பேத்திக்கு இழுப்பு உண்டு. ஓட்டல் அறையின் பழைய கம்பளத் தூசி பட்டால் ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே மூச்சுவிடும். சம்பந்தியம்மாள் வெளியில் சாப்பிடமாட்டார்கள். முழங்கால் வலி வேறு. இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு எங்கே போவது? மூன்று வருஷமாக அவர்கள் வீட்டை விட்டு ஒரு நாள் வெளியில் தங்கியதில்லை. அந்த மூன்று வருஷத்தில் மிச்சம் பிடித்தது 6,000 பவுன். பவுன் என்றதும் தங்கம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவர்களுக்கு அது தங்கத்துக்குச் சமானந்தான்.

அந்தப் பணத்துக்குப் புது வண்டி கிடைக்காது. பழைய வண்டிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பார்க்கப் போனோம்.

விற்பவர் நல்ல சாமர்த்தியசாலி. வண்டி வெளியே பளபளவென்றிருந்தது. உள்ளே புது மெத்தைகள், பூப் போட்ட திரைகள். மேஜை மேல் வாசனை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பேத்தி மேல் கட்டிலில் ஏறி, "பாட்டி, இது என் இடம்!" என்று அறிவித்துவிட்டாள். மாப்பிள்ளை முன்பணம் 500 பவுனைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்கு அந்த மெழுகுவத்தி பிடிக்கவில்லை. பட்டப்பகலில், ஜன்னலைத் திறந்துபோட்டு, வாசனை எதற்கு? மெல்ல உட்காரும் பலகையைத் தூக்கி, கீழே இருந்த பெட்டிக்குள் தலையை நீட்டினேன். அம்மாடி! ஐப்பசி மழையில் பரணில் இருக்கும் பழந்துணிப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை! ஜன்னலுக்குக் கீழே மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். நமுத்துப்போன அப்பளம் போல் உள்ளே அமுங்கியது.

"மாப்பிள்ளை, பணத்தைக் கொஞ்சம் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்" என்றேன்.

"அத்தை, பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தான்..." என்று இழுத்தார் அவர்.

என் பெண்ணுக்கோ கோபம் வந்துவிட்டது. "உனக்கு எதைத்தான் அம்மா பிடித்திருக்கிறது? என் கல்யாணப் புடவையிலிருந்து இதே கதைதானே!" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். மூன்று வருஷத்து ஆசை அல்லவா?

மாப்பிள்ளை நிதானஸ்தர். இரண்டு நாள் தவணை கேட்டு, கேரவன் பழுது பார்க்கும் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போனார். ஈரத்தை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சுவரில் வைத்தால் ஈரம் எத்தனை சதவிகிதம் என்று காட்டும். 15-க்குள் இருந்தால் பயமில்லை. 20-ஐத் தாண்டினால் கவனிக்கவேண்டும். 30-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் அழுத்திப் பார்த்த மூலையில் முள் 34-ல் நின்றது. ஈரம் பிடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைக் காற்றில் இழுப்புக்காரக் குழந்தை படுத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று ராத்திரி என் பெண் ஒன்றும் பேசாமல் காபி கலந்து கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

அடுத்த வண்டியை அழகு பார்த்து வாங்கவில்லை. கணக்குப் பார்த்து வாங்கினோம். அந்தக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். பிள்ளையோ பெண்ணோ அங்கே இருப்பவர்களுக்கு உபயோகப்படும்.

முதலில் எடை. புதிதாக இழுப்பவர்களுக்கு, சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சொல்கிறார்கள். மாப்பிள்ளையின் கார் 1,500 கிலோ. ஆகவே வண்டி 1,275 கிலோவுக்குள் இருக்கவேண்டும். நாங்கள் வாங்கியது வெறுமையாக 1,080 கிலோ. சாமானோடு 1,230-ஐத் தாண்டக்கூடாது என்று தகட்டிலேயே பொறித்திருந்தது. அப்படியானால் நாம் ஏற்றக்கூடியது 150 கிலோதான். காஸ் சிலிண்டர் 15, பாட்டரி 20, வாசலில் கட்டும் கூடாரப் பந்தல் 25 என்று போனால் மிச்சம் 90. அதற்குள் ஐந்து பேர் துணிமணி, பாத்திரம், படுக்கை எல்லாம் அடங்கவேண்டும். சம்பந்தியம்மாள் இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரையும் ஏற்றச் சொன்னார்கள். அது மட்டும் 12 கிலோ! "மாமி, கிரைண்டர் வந்தால் நான் வீட்டில் இருந்துவிடுகிறேன்" என்று என் பெண் சொல்லும்படி ஆயிற்று.

ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. கனமான சாமான் சக்கரத்துக்கு நேரே, தரையோடு இருக்கவேண்டும். கொக்கியின் மேல் அழுத்தும் எடை வண்டி எடையில் 5 முதல் 7 சதவிகிதம். கொக்கி தாங்கும் அளவையும் மீறக்கூடாது. பின்பக்கம் கனத்தால் வண்டி பாம்பு போல் வளைந்து ஆடும். ஆடினால் பிரேக்கை அழுத்தாமல், வேகத்தை மெதுவாகத் தளர்த்தவேண்டும். மோட்டார் பாதையில் மணிக்கு 60 மைல், ஒற்றைச் சாலையில் 50 மைல். அதற்கு மேல் சட்டம் இடங்கொடுக்காது. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்களே 3,500 கிலோ வரையில் இழுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. அதற்காகப் பழகாமல் கிளம்பிவிடலாமா? மாப்பிள்ளை ஒரு காலி மைதானத்தில் இரண்டு நாள் பின்னோக்கி ஓட்டிப் பழகினார்.

இரண்டாவது டயர். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு டயர் தேயாது; ஆனால் வயதாகும். டயர் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருஷமானால் மாற்றுவது நல்லது; ஏழைத் தாண்டவே கூடாது. மூன்றாவது, வண்டியின் பதிவு எண். 1992 முதல் செய்த வண்டிகளுக்குப் பதிவேடு உண்டு. ஜன்னல் கண்ணாடியிலும் சட்டத்திலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா, திருட்டு வண்டியா, கடன் பாக்கி உண்டா என்று விசாரித்துவிட வேண்டும்.

சமையல் விஷயம் நம்முடையது. குளிர் காலத்துக்குப் புரொப்பேன் காஸ்தான் சரி. பியூட்டேன் பூஜ்ய டிகிரிக் குளிரில் ஆவியாகாமல் மக்கர் பண்ணும். தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். காற்று வருகிறதே என்று துணியை அடைத்துவிடாதீர்கள்! காஸ் கசிந்தால் அது கீழே இறங்கி வெளியேறும் வழி அதுதான். கார்பன் மோனாக்ஸைடு வந்தால் கத்தும் கருவியும் கட்டாயம் வேண்டும்.

சரி, வண்டி வந்தாயிற்று. எங்கே தங்குவது? ரோட்டோரம் நிறுத்தித் தூங்கிவிடலாம் என்று நினைக்கக்கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ம் வருஷச் சட்டப்படி யாரும் பெரும்பாலான இடங்களில் நடந்து போகலாம், சின்னக் கூடாரம் போடலாம். ஆனால் அந்த உரிமை மோட்டார் வண்டிக்குக் கிடையாது.

பெரிய தங்குமிடங்களில் வெந்நீர்க் குளியலறை, கடை, குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது பண்ணை வீட்டு வயல்கள். 1960-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, சங்கங்கள் அத்தாட்சி கொடுத்த வயல்களில் அங்கத்தினர்களின் கேரவன் ஐந்து வரையில் நிற்கலாம். ஐந்தே வண்டி! சந்தடியே இராது. அனேகமாகக் குளியலறையும் இராது; நம் வண்டிக்குள் இருப்பதுதான்.

எங்கே போனாலும் முன்கூட்டியே சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். குழந்தைகளைச் சேர்ப்பார்களா? பெரியவர்களுக்கு மட்டும் என்று சில இடங்கள் உண்டு! தரை புல்லா, சரளைக் கல்லா? மின்சாரம் எத்தனை ஆம்பியர்? 16 என்றால் கவலையில்லை. 10 தான் என்றால், 2,300 வாட்டோடு சரி. அவர்கள் ஊர்க் கெட்டில் ஒன்றே 3,000 வாட் இழுக்கும். சம்பந்தியம்மாள் குக்கரும் சேர்ந்தால் விளக்கு அணைந்து இருட்டில் சாப்பிட வேண்டியதுதான். வழி எப்படி என்றும் கேளுங்கள். செல்போன் காட்டும் குறுக்கு வழியில் கார் போகும், கேரவன் மாட்டிக்கொள்ளும்.

முதல் பிரயாணம் டெர்பிஷயரில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப் பிரதேசத்துக்கு. 1951-ல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். பண்ணைக்கார அம்மாள், "எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள்" என்று வயலைக் காட்டினார். ஓடையோரம் படத்தில் வரைந்த மாதிரி இருந்தது. பேத்தி குதித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை கெட்ட பெயர் வாங்கியது போதாதா? என் பெண் தானாகவே புல்லைக் காலால் மிதித்துப் பார்த்தாள். தண்ணீர் கசிந்தது. "வேண்டாம், மேட்டிலேயே நிற்போம்" என்றாள்.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் ஓடையோரம் நின்ற ஒரு வண்டியின் சக்கரம் பாதி சேற்றில். பாவம், டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

எங்கள் வண்டிக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எழுந்து, மேல் கட்டிலருகே காதை வைத்துக் கேட்டேன். பேத்தியின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து தொடாமல் கிடந்தது. திரும்பிப் பார்த்தால், என் பெண்ணும் கண்ணை விழித்துக்கொண்டு அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் பேசவில்லை.

இட்லி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மாவை வீட்டிலேயே அரைத்து, மூன்று கிலோ டப்பாவில் கொண்டுபோனோம். வண்டி குலுங்கினாலும் கொட்டாமலிருக்க, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்திருந்தோம். அந்தக் குளிரில் அது பொங்க ஒன்றரை நாளாயிற்று. ஆனால் பொங்கிற்று! பண்ணைக்கார அம்மாளுக்கும் நாலு கொடுத்தோம். தொட்டுக்கொள்ள அவர் ஜாம் எடுத்து வந்ததைப் பார்த்துச் சம்பந்தியம்மாளுக்கு வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.